பூக்கிழங்குகளைத் தொட்டியில் முளைக்கவைத்து நிலத்தில் நடுவது எப்படி?

டேலியா, கல்வாழை, பெகோனியா, கலேடியம், நிலசம்பங்கி, செங்காந்தள் போன்ற கிழங்குப் பூச்செடிகளை முதன்முறையாக வாங்குகிறவர்களில் பலர், உறையைப் பிரித்ததும் கிழங்கைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு நாள்தோறும் தண்ணீர் ஊற்றத் தொடங்கிவிடுகிறார்கள். வாரங்கள் கடந்தும் எதுவும் தலைகாட்டாததால் தோண்டிப் பார்த்தால், கையில் வருவது அழுகிய தோலும் துர்நாற்றமும்தான். தொட்டியில் முளைக்கவைத்துப் பிறகு நிலத்துக்கு மாற்றினால் இந்த இழப்பைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். இதற்குத் துண்டு துண்டாகத் தேடிச் சேர்க்கவேண்டியிருந்த விவரங்களைச் செய்யவேண்டிய வரிசையிலேயே இங்கே தருகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். உறக்க நிலையில் இருக்கும் கிழங்கில் முளைவிடுவதற்கு வேண்டிய உணவும் ஈரமும் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் தண்ணீரை உறிஞ்சுவதற்கு வேர் இல்லை. வேர் வருவதற்கு முன் ஊற்றப்படும் தண்ணீர் கிழங்கைச் சுற்றியே தேங்கி, பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் இடம் கொடுக்கிறது. நிலத்தில் மழையையோ மண்ணின் குளிர்ச்சியையோ நாம் கட்டுப்படுத்த முடியாது, தொட்டியில் முடியும். பூ முன்கூட்டியே கிடைப்பது இதில் கூடுதல் ஆதாயம் மட்டுமே. கீழே உள்ள படிகளில் எங்கேனும் குழப்பம் வந்தால், ஈரத்தைக் குறைக்கும் முடிவையே எடுங்கள். பெரும்பாலும் அதுவே சரியாக இருக்கும்.

1. எந்தக் கிழங்குக்கு இது தேவை என்று பாருங்கள்

வெதுவெதுப்பான மண்ணை விரும்பும் கிழங்குகளுக்கே இந்த முறை நன்கு பயன்படும். டேலியா, கிழங்கு வகைப் பெகோனியா, கலேடியம், கல்வாழை, காலா லில்லி, நிலசம்பங்கி, செங்காந்தள் ஆகியவை இதில் அடங்கும்.

கிளாடியோலஸுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. அதை நேரடியாக நிலத்தில், 2 வாரத்துக்கு ஒரு தொகுதியாக நட்டுவந்தால் பூ தொடர்ந்து கிடைக்கும். ஹிப்பியாஸ்ட்ரம் (கடைகளில் அமரில்லிஸ் என்ற பெயரில் கிடைப்பது) வேர் கலைவதை விரும்பாது. அதைத் தொட்டியிலேயே நிரந்தரமாக விட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து.

டூலிப், ஹயசிந்த், டாஃபடில் ஆகியவற்றின் கணக்கு முற்றிலும் வேறு. அவற்றுக்குப் பூக்கும் முன் நீண்ட குளிர்காலம் தேவை. அது இயற்கையாகக் கிடைக்காத இடங்களில் 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, ஆனால் உறையாமல், ஏறத்தாழ 12 முதல் 16 வாரங்கள் வைத்திருக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் வைப்பவர்கள் அதே பெட்டியில் பழங்களை வைக்கக் கூடாது. பழுக்கும் பழம் வெளியிடும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் உருவாகியிருக்கும் பூமொட்டைக் கருக்கிவிடும். இலை நன்றாக வந்து பூ மட்டும் வராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2. நாளைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

முதலில் தீர்மானிக்க வேண்டியது நிலத்தில் நடும் நாள். உறைபனி விழும் இடமாக இருந்தால், கடைசி உறைபனி கடந்து மண்ணின் வெப்பநிலை 15 டிகிரியைத் தொடும் காலம் அது. உறைபனியே இல்லாத இடமாக இருந்தால், அடைமழை ஓய்ந்த பிறகு அல்லது கடும் கோடையின் உக்கிரம் தணிந்த பிறகு வரும் நாளைத் தேர்ந்தெடுங்கள். அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால் தொட்டியில் வைக்கவேண்டிய நாள் கிடைத்துவிடும்.

டேலியாவுக்கும் கல்வாழைக்கும் 4 முதல் 6 வாரங்கள் போதும். நிலசம்பங்கிக்கும் ஏறத்தாழ அவ்வளவே. கலேடியத்துக்கு 6 வாரங்களாவது ஒதுக்குங்கள். குளிர்ந்த இடத்தில் அது இன்னும் தாமதிக்கும். கிழங்குப் பெகோனியா மெதுவாக வளர்வதால் 8 முதல் 10 வாரங்கள் வேண்டும். செங்காந்தளைக் கணக்கில் கட்டுவது கடினம்: ஒரே நாளில் வைத்த கிழங்குகளில் ஒன்று சில வாரங்களில் முளைக்கும், மற்றொன்று மாதம் கடந்தும் அசையாது.

முன்கூட்டியே தொடங்குவதால் ஆதாயம் கூடும் என்று எண்ணி மிக முன்னதாக வைத்துவிடாதீர்கள். நிலம் தயாராகும் முன்பே செடி தொட்டியை நிறைத்து, வேர்கள் சுற்றிச் சுற்றி ஓடி, தண்டு நோஞ்சானாக நீண்டுவிடும். ஒரு மாதம் முந்துவதைவிட ஒரு வாரம் பிந்துவது எவ்வளவோ மேல்.

3. வாங்கும்போது: உறையும் காகிதங்களும் செலவும்

கிழங்கு உறையின்மேல் 12/14, 14/16 என்பது போன்ற எண்கள் இருக்கும். இதை விட்டம் என்றோ எண்ணிக்கை என்றோ பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது கிழங்கின் சுற்றளவு, சென்டிமீட்டரில். 14/16 என்றால் சுற்றளவு 14 முதல் 16 செ.மீ. வரை. எண் கூடினால் விலையும் கூடும். பூத்தண்டும் பொதுவாக வலுவாக இருக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று மிகச் சிறிய அளவை வாங்கினால், முதல் ஆண்டில் இலை மட்டுமே வரலாம். ஆனால் டேலியாவில் அளவு முக்கியமில்லை: விரல் பருமனுள்ள கிழங்கும் முளைக்கண் இருந்தால் முழுச்செடியாகும், கண் இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய கிழங்கும் வீண்தான்.

வேறு நாட்டிலிருந்து வரவழைக்கிறீர்கள் என்றால், பணம் கட்டும் முன்பே உங்கள் நாட்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு விதிகளைப் படித்துவிடுங்கள். பெரும்பாலான நாடுகள், அனுப்பும் நாட்டின் அதிகாரிகள் வழங்கும் தாவர நலச் சான்றிதழைக் கேட்கும். சில நாடுகள் வாங்குபவர் பெயரில் இறக்குமதி அனுமதியும் கேட்கும். இவை இல்லாத பொட்டலம் எல்லையிலேயே அழிக்கப்படலாம். சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதால், நான்கைந்து கிழங்குகளுக்காக இந்தச் செலவு தாங்குமா என்று முதலில் கணக்குப் போடுங்கள். பெரும்பாலும் தாங்காது.

உள்நாட்டில் வாங்கினாலும் ரசீதையும் உறையையும் பூ வரும்வரை வைத்திருங்கள். பொட்டலம் வந்த அன்றே பிரித்து, கிழங்குகளை உறையின் பெயர்ப் பகுதியோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புகாருக்கு விற்பனையாளர் கொடுக்கும் கெடு பெரும்பாலும் சில நாட்கள்தான். நடும் நாள் வந்த பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று மூடியே வைத்தால் அந்தக் கெடு கடந்துவிடும்.

செலவைப் பொறுத்தவரை, பணத்தைக் கிழங்கின் தரத்தில் போடுங்கள். தொட்டி பழையதாக இருந்தால் போதும். அடியிலிருந்து சூடேற்றும் விரிப்பு குளிரான அறைக்கு மட்டும் தேவை. வெளிச்சமுள்ள சன்னல் இருந்தால் செயற்கை விளக்கும் வேண்டாம். வேர் வளர்ச்சி ஊக்கி, எலும்புத் தூள், சிறப்புக் கிழங்கு உரம் என்று விற்கப்படுபவை எதுவும் இந்தக் கட்டத்தில் தேவையில்லை.

4. கிழங்கைச் சோதியுங்கள்

ஒவ்வொரு கிழங்கையும் கையில் எடுத்து மெதுவாக அழுத்துங்கள். கெட்டியாகவும் கனமாகவும் இருக்க வேண்டும். வெங்காயம் போன்ற அடுக்குக் கிழங்குகளில் அடித்தட்டைத் தனியாகப் பாருங்கள். வேர்கள் புறப்படும் அந்த வட்டம் மெத்தென்று அமுங்கினால் அழுகல் உள்ளே போய்விட்டது என்று பொருள். அதைக் காப்பாற்ற முயலாதீர்கள். மேல்தோலில் மட்டும் நீலப்பச்சைப் பூசணம் படிந்து, கிழங்கு கெட்டியாக இருந்தால், துணியால் துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

டேலியாவில் கவனிக்க வேண்டிய இடம் கழுத்து. பழைய தண்டின் அடியும் கிழங்கும் சேரும் இடத்தில், ஊசிமுனை அளவுக்குச் சிறு புடைப்புகள், சில நேரம் இளஞ்சிவப்பாக, தெரியும். அவைதான் முளைக்கண்கள். கழுத்து முறிந்து தோலில் மட்டும் தொங்கும் கிழங்கு தடிமனாக இருந்தாலும் பயனில்லை. கண் எதுவும் தெரியாவிட்டால் உடனே தூக்கிப்போட வேண்டாம். வெதுவெதுப்பான இடத்தில் சற்றே ஈரமான தென்னைநார்க் கழிவில் சில நாட்கள் வைத்தால், கண்கள் இருந்தால் புடைத்து வரும்.

அழுகிய பகுதி சிறியதாக இருந்தால், தூய்மையான கத்தியால் நல்ல சதை தெரியும்வரை வெட்டி, வெட்டுவாய் உலர ஓரிரு நாட்கள் காற்றில் வையுங்கள். ஈரமான வெட்டுவாயோடு மண்ணுக்குள் போவது அழுகலுக்கு நேர்வழி.

இந்தக் கிழங்குகளை உணவுப்பொருட்கள் இருக்கும் இடத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள். செங்காந்தளின் எல்லாப் பகுதிகளிலும், குறிப்பாகக் கிழங்கில், கோல்சிசின் என்னும் நச்சு உள்ளது. தின்றவர் உயிருக்கே ஆபத்தாக முடியும். டாஃபடில் கிழங்கை வெங்காயம் என்று நினைத்துச் சமைத்து நோய்ப்பட்டவர்கள் உண்டு. கலேடியத்தையும் ஹயசிந்தையும் தொடும்போது சிலருக்குத் தோலில் அரிப்பு வரும் என்பதால் கையுறை அணியுங்கள். லில்லி வகைகள் பூனைகளுக்குக் கொடிய நஞ்சு. வீட்டில் பூனை இருந்தால் அவற்றை வாங்காமலே இருந்துவிடுங்கள்.

5. தொட்டியும் கலவையும்

அடியில் துளை இல்லாத எதையும் பயன்படுத்தாதீர்கள். டேலியாவுக்கும் கல்வாழைக்கும் 15 முதல் 20 செ.மீ. அகலமுள்ள தொட்டியும், பெகோனியாவுக்கும் கலேடியத்துக்கும் 10 முதல் 12 செ.மீ. தொட்டியும் போதும். பெரிய தொட்டியில் வைத்தால் அடிக்கடி மாற்ற வேண்டாமே என்று தோன்றும். ஆனால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கி, கிழங்கைக் கெடுக்கும். தென்னைநாரால் செய்த, மண்ணோடு மக்கும் தொட்டிகளை வாங்கினால், நடும்போது அவற்றின் விளிம்பு மண்ணுக்கு மேலே தெரியாதபடி கிழித்துவிட வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு உள்ளிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும்.

கலவைக்குத் தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளிப் போடாதீர்கள். தொட்டிக்குள் அது இறுகி, காற்றுப் புகாமல் போகும். நன்கு அலசிய தென்னைநார்க் கழிவு 2 பங்கு, பருமணல் அல்லது பெர்லைட் (எரிமலைப் பாறையைச் சூடாக்கிப் பொரித்த, எடை குறைந்த வெண்துகள்) 1 பங்கு, நன்கு மட்கிய உரம் 1 பங்கு என்பது எல்லாக் கிழங்குகளுக்கும் ஒத்துவரும். நார்க்கழிவை அலசச் சொல்வதற்குக் காரணம் அதில் இருக்கக்கூடிய உப்பு. மட்காத சாணமும் கோழி எருவும் முளையைக் கருக்கிவிடும்.

கலவையை முன்கூட்டியே நனைத்துவையுங்கள். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் பரப்பி உலர்த்திவிட்டுப் பயன்படுத்துங்கள்.

6. எந்தப் பக்கம் மேலே, எவ்வளவு ஆழம்?

டேலியாவைக் கழுத்து மேலே இருக்கும்படி வைத்து, முளைக்கண் கலவையின் மட்டத்தையொட்டி இருக்குமாறு நிரப்புங்கள். நிலத்தில் நடும்போது ஆழத்தைக் கூட்டிக்கொள்ளலாம்; தொட்டியில் கண் தெரியும்படி வைத்தால் முளைப்பதையும் அழுகுவதையும் உடனே கவனிக்க முடியும்.

தலைகீழாக வைக்கப்படும் கிழங்குகளில் பெகோனியாவுக்கே முதலிடம். வட்டமான அந்தக் கிழங்கில் ஒரு பக்கம் குழிந்தும் மறுபக்கம் புடைத்தும் இருக்கும். குழிந்த பக்கம்தான் மேலே இருக்க வேண்டும். அந்தக் குழியில் தண்ணீர் தேங்கக் கூடாது என்பதால், கிழங்கைக் கலவையில் பாதி அழுத்திவைத்து ஓரங்களை மட்டும் மூடுங்கள்; தண்ணீரைத் தொட்டியின் விளிம்பையொட்டியே விடுங்கள்.

கலேடியத்தில் மேடுபள்ளமான, முண்டுகள் உள்ள பக்கம் மேலே. அதன்மேல் 3 முதல் 5 செ.மீ. கலவை. கல்வாழையைப் படுக்கைவசத்தில், கண்கள் மேல்நோக்க, 5 முதல் 8 செ.மீ. ஆழத்தில் வையுங்கள். நிலசம்பங்கியில் கூர்முனை மேலே. ஏறத்தாழ 5 செ.மீ. ஆழம்.

செங்காந்தளை மிகுந்த கவனத்தோடு கையாள வேண்டும். வளைந்து இரு கைகளாகப் பிரிந்திருக்கும் அந்தக் கிழங்கு எளிதில் ஒடியும். வளரும் புள்ளி கையின் முனையில் மட்டுமே இருக்கும். அந்த முனை உடைந்தால் அந்தக் கையிலிருந்து முளை வராது. படுக்கைவசத்தில் 5 முதல் 8 செ.மீ. ஆழத்தில் வைத்து, முனைக்கு முன்னால் சற்று இடம் விடுங்கள். முனைகள் தொட்டிச் சுவரில் முட்டும்படி திணிக்க வேண்டாம்.

மற்ற அடுக்குக் கிழங்குகளுக்கு, கிழங்கின் உயரத்தைப் போல் 2 முதல் 3 மடங்கு ஆழம் என்பது பொது விதி. எது மேல், எது கீழ் என்று எவ்வளவு பார்த்தும் தெரியாவிட்டால் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். முளை தானே வழி கண்டுகொண்டு மேலே வரும்.

இப்போதே பெயர் எழுதிச் செருகிவிடுங்கள். மை பேனா எழுத்து வெயிலில் மங்கிவிடும். பிளாஸ்டிக் துண்டில் பென்சிலால் எழுதினால் நிற்கும்.

7. தண்ணீரும் வெப்பமும்

கலவை ஏற்கெனவே ஈரமாக இருப்பதால், வைத்த அன்று கிழங்கைச் சுற்றி மண் படிவதற்காக லேசாக ஒருமுறை தண்ணீர் விட்டால் போதும். அதன்பின் முளை தெரியும்வரை பூவாளியைத் தொடாமல் இருப்பதே இந்த முறையிலேயே மிகக் கடினமான பகுதி. மேல்மண் உலர்ந்து வெளுத்திருப்பதைப் பார்த்ததும் கை பரபரக்கும். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பாருங்கள். அங்கே குளுமை தெரிந்தால் எதுவும் செய்யாதீர்கள். முற்றிலும் உலர்ந்திருந்தால் மட்டும் விளிம்போரம் சிறிதளவு விடுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் அதில் தேங்குவதை உடனுக்குடன் கொட்டிவிடுங்கள்.

வெப்பம் 18 முதல் 24 டிகிரி வரை இருந்தால் பெரும்பாலான கிழங்குகளுக்கு ஒத்துவரும். கலேடியம் மட்டும் 24 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் சுறுசுறுப்பாக முளைக்கும். முளை வரும்வரை வெளிச்சம் தேவையில்லை, வெப்பம்தான் தேவை. அதே நேரம் நேர்வெயிலில் கறுப்புத் தொட்டியை வைத்தால் கிழங்கு வெந்துபோகும்.

8. முளை வந்த பின்

முளை வெளியே தெரிந்த அன்றே தொட்டியை நல்ல வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். இரண்டு நாள் தாமதித்தாலும் தண்டு வெளுத்து நீண்டுவிடும். சன்னலோரம் வைத்திருந்தால் சில நாட்களுக்கு ஒருமுறை தொட்டியைத் திருப்பிவையுங்கள். இலைகள் விரிந்த பிறகு வேர் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். இப்போது மேல்மண் உலரும்போதெல்லாம் அடித்துளையில் வடியும்வரை தண்ணீர் விடலாம். உரமும் இதன் பிறகுதான்: நீரில் கரையும் உரத்தை உறையில் சொல்லியிருப்பதில் பாதி அளவுக்குக் கரைத்து, 2 வாரத்துக்கு ஒருமுறை கொடுங்கள்.

டேலியாவில் 3 அல்லது 4 இணை இலைகள் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளைகள் பெருகிப் பூவும் பெருகும். நிலசம்பங்கி, லில்லி, கிளாடியோலஸ் போன்றவற்றில் நுனியைக் கிள்ளவே கூடாது. ஒரே முளைதான் பூவைச் சுமக்கிறது. இளந்தளிரின் அடிப்பக்கத்தை அவ்வப்போது புரட்டிப் பாருங்கள். அசுவினி முதலில் கூடுவது அங்கேதான்.

9. வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள்

உள்ளே வளர்ந்த செடியை ஒரே நாளில் முழுவெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் காய்ந்துவிடும். 7 முதல் 10 நாட்கள் ஒதுக்குங்கள். முதலில் நிழலில் ஓரிரு மணி நேரம், பிறகு காலை வெயிலில் சிறிது நேரம், பிறகு நாள் முழுதும் வெளியே, கடைசியாக இரவும் வெளியே என்று படிப்படியாகக் கூட்டுங்கள். இரவு வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் என்றால் உள்ளே எடுத்துவிடுங்கள். கலேடியத்துக்கு இரவில் இன்னும் வெதுவெதுப்பு வேண்டும். காற்று பலமாக வீசும் நாளும் வெயிலுக்குச் சமமாகக் கெடுதி செய்யும்.

10. நிலத்தில் நடுதல்

தொட்டியைக் கவிழ்த்துத் தட்டும்போது மண்ணும் வேரும் ஒரே கட்டியாக வெளியே வர வேண்டும். மண் உதிர்ந்தால் வேர் இன்னும் பிடிக்கவில்லை; இன்னொரு வாரம் பொறுங்கள். மாலையிலோ மேகமூட்டமான நாளிலோ நடுங்கள். பொதுவாகத் தொட்டியில் இருந்த அதே மட்டத்தில் நட வேண்டும். டேலியாவையும் லில்லியையும் சில சென்டிமீட்டர் ஆழமாக இறக்கலாம். தண்டின் அடியிலிருந்தும் வேர் விட்டு அவை உறுதியாக நிற்கும். தண்ணீர் தேங்கும் இடமாக இருந்தால் மேட்டுப்பாத்தி போட்டுவிட்டே நடுங்கள்.

டேலியாவுக்கான ஊன்றுகோலையும் செங்காந்தள் கொடி பற்றி ஏறுவதற்கான கொம்பையும் செடிக்கு முன்பே குழியில் நிறுத்திவிடுங்கள். செடி சாய்ந்த பிறகு கொம்பு ஊன்றினால், அது கிழங்கைத் துளைத்துக்கொண்டுதான் இறங்கும். நட்ட அன்று தாராளமாகத் தண்ணீர் விட்டு, முதல் சில நாட்கள் நத்தை வருகிறதா என்று இரவில் விளக்கோடு பாருங்கள். பல வாரங்கள் வளர்த்த முளையை ஒரே இரவில் மொட்டையடித்துவிடும்.

11. முளைக்காத தொட்டிகளை என்ன செய்வது?

எல்லாம் நிலத்துக்குப் போன பிறகும் ஓரிரு தொட்டிகள் வெறுமையாக இருக்கக்கூடும். 8 வாரங்கள் கடந்திருந்தால் கலவையை மெதுவாகக் கொட்டிப் பாருங்கள். கிழங்கு கெட்டியாக இருந்தால் புதிய, குறைந்த ஈரமுள்ள கலவையில் மீண்டும் வைத்து வெதுவெதுப்பான இடத்தில் விடுங்கள். செங்காந்தளும் கலேடியமும் இப்படிப் பிந்தி முளைப்பது உண்டு. கிழங்கு கொழகொழவென்றிருந்தால் கலவையோடு சேர்த்து அப்புறப்படுத்துங்கள். அந்தக் கலவையை மட்குக் குழியிலும் போட வேண்டாம். தொட்டியைச் சோப்புநீரில் தேய்த்துக் கழுவி வெயிலில் நன்கு உலர்த்திய பிறகே அடுத்த கிழங்குக்குப் பயன்படுத்துங்கள்.